மலைக்குளிருக்குக் குடும்பத்தோடு போகிறோம்: பனிச்சறுக்கு தவிர என்ன செய்யலாம்?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். வீட்டில் ஆறு பேர். மாமாவுக்கு 71 வயது, அத்தைக்கு 66. மகன் ஆறாம் வகுப்பு, மகளுக்கு 5 வயது. அரையாண்டு விடுமுறையில் இமாச்சலத்தில் இருக்கும் மணாலிக்குப் போகலாம் என்று இரண்டு வருடமாகப் பேசிப் பேசி, இந்த வருடம்தான் கைகூடி வந்திருக்கிறது.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய திட்டத்தில் இரண்டு முழு நாள் பனிச்சறுக்கு என்று போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது சரிவராது. மாமாவுக்கு முழங்கால் வலி. மகளுக்கு இன்னும் சைக்கிளே வரவில்லை. எல்லோரும் சமதரையில் பிறந்து சமதரையில் வளர்ந்தவர்கள். குழந்தைகள் இதுவரை ஏறிய ஒரே மலை சுவாமிமலை. அதுவும் 60 படி வைத்த கட்டுமலை.

மாமா வருவதே பெரிய விஷயம். சம்பா கதிர் வாங்கி நிற்கிற நேரத்தில் அவர் வயலை விட்டு ஒரு நாள்கூட அகன்றதில்லை. சின்ன மாமா பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அத்தைக்கு வேறு கவலை. மார்கழி முழுக்க விடியலுக்கு முன்னால் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர். அந்தக் குளிரில் அது முடியுமா என்று தினமும் ஒரு தடவை கேட்கிறார்.

பனிச்சறுக்கை விட்டுவிட்டால், இந்த ஆறு பேரும் சேர்ந்து செய்யக்கூடியது என்ன இருக்கிறது? மாமாவையும் அத்தையையும் விடுதி அறையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் சுற்றி வருவதில் எனக்கு விருப்பமே இல்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு:

முதல் வேலையாக அந்த இரண்டு நாளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள் சகோதரி. பனிச்சறுக்கு ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை. மணாலியில் இருக்கும் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலேயே அதை நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங் பள்ளத்தாக்கில் கால் மணி நேரத்துக்குப் பலகையைக் காலில் மாட்டிவிட்டு, படம் எடுத்து, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பணத்தை நல்ல சூடான அறைக்குக் கொடுங்கள். மரத் தரையும் இடுக்கில் காற்று வராத கதவும் சன்னலும் இருக்கிற அறையா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

நாகைக்காற்று:

நாங்கள் போன வருடம் தை மாதம் போய் வந்தோம். என் அம்மாவும் (68) இரண்டு பையன்களும் கூட வந்தார்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

ஒன்று: டிசம்பர் கடைசியில் மணாலி ஊருக்குள் பனி கிடக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். ஊர் ஏறக்குறைய 2,050 மீட்டர் உயரம். அங்கே நல்ல பனிப்பொழிவு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் போனால் மேலே ஏற வேண்டியிருக்கும். ரோத்தங் கணவாய் 3,978 மீட்டர், குளிர்காலத்தில் அது மூடிக் கிடக்கும். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர் நீளம். அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தால் லாஹோல் பள்ளத்தாக்கு. சிஸ்ஸு என்ற ஊர். இந்தப் பக்கம் வெறும் பாறையாக இருக்கும்போதே அந்தப் பக்கம் வெள்ளையாக இருப்பது உண்டு. ஆனால் பனி கடுமையாக விழுந்தால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை மட்டும்தான் விடுவார்கள். 2024 டிசம்பரில் சோலாங்கிலிருந்து சுரங்கம் வரை நூற்றுக்கணக்கான வண்டிகள் வழுக்கி, மணிக்கணக்கில் சிக்கி நின்றன. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே போவதானால் விடியலிலேயே கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

இரண்டு: பனியில் குடும்பமாக இருப்பதற்கு இரண்டு மணி நேரம் போதும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் வண்டி ஓட்டியவர் சொன்னதைக் கேட்காமல் நான்கு மணி நேரம் நின்றோம். சின்னவனுக்குப் பருத்தி பனியனும் பருத்தி காலுறையும் போட்டிருந்தேன். ஓடி விளையாடியதில் வேர்த்து, வேர்வை துணியிலேயே தங்கி, வெயில் மறைந்ததும் அது ஈரத் துணியாகிவிட்டது. பல் கிட்டிப் பேச முடியாமல் நின்றான். வண்டிக்குள் வைத்து உடை மாற்றி, என் மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்று நான் பயந்தது போல எப்போதும் பயந்ததில்லை. உள்ளே உடலோடு ஒட்டி ஒரு தெர்மல், அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டு. இந்த மூன்றும் வேண்டும். மாற்றுக் காலுறை கைப்பையிலேயே இருக்கட்டும்.

மேல் கோட்டையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியையும் வாங்க வேண்டாம். சோலாங் போகிற சாலை ஓரமாக வரிசையாக எண் போட்ட கடைகளில் வாடகைக்குத் தருவார்கள். உங்கள் வண்டி எந்தக் கடையில் நிற்கிறதோ அங்கேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்ளே ஈரமாக இருக்கிற காலணியைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பனியில் என்ன விளையாடலாம்? மரச் சறுக்கு வண்டியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சின்னச் சரிவில் இறங்கலாம். ரப்பர் டியூபில் உட்கார்ந்து வழுக்கலாம். பனியில் உருவம் செய்யலாம். அதற்கு நடுப்பகல்தான் நல்லது. காலையில் பனி சர்க்கரைப் பொடி மாதிரி உதிரும், கையில் பிடிபடாது. வெயில் ஏறிக் கொஞ்சம் ஈரம் கண்ட பிறகு நன்றாக உருண்டை பிடிக்க வரும். எங்கள் பையன்கள் பெரிய கோயில் நந்தியைச் செய்தார்கள். திமில் மட்டும் நிற்கவில்லை. அம்மா போய்க் கையால் தட்டித் தட்டி நிற்க வைத்தார்.

மன்னைவாசி:

சகோதரி, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பது பத்து நாள் விடுமுறையில் நான்கு நாள் பயணத்திலேயே போய்விடும். 71 வயதுப் பெரியவரையும் 5 வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஏன் அவ்வளவு தூரம்? மன்னார்குடியில் இரவு செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் கோவை. அங்கிருந்து நீலகிரி.

டிசம்பர் பாதியிலிருந்து ஊட்டியில் உறைபனி விழும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் விடிகாலை ஆறு மணிக்குப் போனால் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியது போல இருக்கும். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கிற இரவில்தான் அது விழும். பகலில் வாங்கிய சூட்டை மண் இரவில் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மலை உச்சியைவிடப் பள்ளத்தில்தான் உறைபனி அதிகம். தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வதை வாய்க்காலில் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். தாவரவியல் பூங்காவில் அந்த மாதங்களில் மலர்ச் செடிகளுக்கு மேல் மிலார் செடிகளைப் பந்தல் போலப் போர்த்தியிருப்பார்கள். காலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். உங்கள் மாமா பயிர் பார்த்தவர் அல்லவா, அவருக்கு அது பிடிக்கும்.

மலை ரயிலை விட்டுவிடாதீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், மேலே ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் தண்டவாளம் இருக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். அந்தச் செங்குத்துப் பகுதியில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி உயரம். குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கி, 1908இல் ஊட்டி வரை வந்தது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் சில நாள் நிறுத்திவிடுவார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம்.

குடமுருட்டிக்கரை:

மன்னைவாசி அண்ணா, நீங்கள் சொன்னதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். பள்ளத்தில் குளிர் தேங்கும் என்பதைக் கேட்டதும், "தாழ்ந்த வயலில்தான் பனிப் புகையும் அதிகம்" என்றார்.

ஆனால் குழந்தைகள் விடமாட்டேன் என்கிறார்கள். மகள், "மார்கழிப் பனியும் படத்தில் வருகிற பனியும் ஒன்றா?" என்று கேட்கிறாள். நாம் எல்லாவற்றையும் பனி என்றே சொல்கிறோம். புல் நுனியில் நிற்பதும் பனி, வயல் மேல் புகையாக மிதப்பதும் பனி, ஊட்டிப் புல்லில் வெள்ளையாக உறைவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. கடைசிப் பனியை ஒரு முறையாவது கையில் தொட வேண்டும் என்கிறாள். அத்தையும் சின்னக் குரலில், "எனக்கும்தான்" என்றார். அதனால் மணாலிதான். நாகைக்காற்று அக்கா சொன்னபடி ஒரே ஒரு பனி நாள். மீதி நாளை எப்படி நிரப்புவது?

திருபுவனம்தறி:

நாங்கள் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிறவர்கள். போன இடத்தில் நான் தேடிப் போனது தறியைத்தான். குலு பள்ளத்தாக்கில் வழி நெடுகக் கம்பளிச் சால்வை நெய்கிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூடங்களில் உள்ளே போய்ப் பார்க்க விடுகிறார்கள். சால்வையின் நடுப்பகுதி வெற்றாக ஓடும், கரையில் மட்டும் வண்ணக் கட்டங்கள். அந்தக் கட்டங்களுக்கு ஒவ்வொரு நிற நூலையும் கையாலேயே கோர்த்து வாங்குகிறார்கள். நம் பட்டுச் சேலையில் கோர்வைக் கரை போடும் பொறுமை அது. பெண்கள் முழு உடலையும் சுற்றி ஊசி குத்திக் கட்டுகிற கனத்த கம்பளித் துணிக்கு அங்கே பெயரே "பட்டு" என்பதைக் கேட்டு என் மனைவி நின்றுவிட்டாள். மொழி தெரியாமலே அந்த நெசவாளரும் நானும் நூலைத் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

தங்குவதற்கு மணாலி ஊர் வேண்டாம், நக்கர் பாருங்கள். மணாலியிலிருந்து 20 கிலோமீட்டர் போல இருக்கும். உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர்தான், அதனால் குளிர் கொஞ்சம் குறைவு, கூட்டமும் இல்லை. அங்கே பழைய அரசர் கோட்டை ஒன்று மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கி, சாந்து இல்லாமல் கட்டியது. 1905 நிலநடுக்கத்தில் காங்க்ராப் பக்கம் ஊர் ஊராக இடிந்தபோதும் அது நின்றது. கல் ஆடினால் மரம் நெளிந்து கொடுக்கிறது. கல்லை மட்டுமே நம்பிக் கட்டிய பெரிய கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுவர் முன்னால் நிறைய நேரம் நிற்கத் தோன்றும். ரோரிக் என்ற ரஷ்ய ஓவியர் வாழ்ந்த வீடும் அங்கேதான். மலைகளை மட்டும் எத்தனை விதமாகத் தீட்டியிருக்கிறார் என்று பையனுக்குக் காட்டுங்கள்.

வெண்ணாறு:

அத்தைக்கு இடும்பி கோயிலை முதலிலேயே சொல்லி வையுங்கள். பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள் பீமன் மனைவி, கடோற்கசன் தாய் என்றால் ஆவலோடு வருவார்கள். மணாலியிலேயே தேவதாரு மரக் காட்டுக்குள் இருக்கிறது. 1553இல் கட்டியது, மரத்தால் ஆன அடுக்கடுக்கான கூரை.

விடியல் குளியலுக்கும் வழி இருக்கிறது. மணாலியிலிருந்து 3 கிலோமீட்டரில் வசிஷ்ட். கோயிலை ஒட்டி வெந்நீர் ஊற்று. மண்ணுக்குள்ளிருந்தே சுடச்சுட வருகிறது, கந்தக வாசம் இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம். வெளியே தண்ணீர் உறையும் குளிரில் உள்ளே கழுத்தளவு வெந்நீர். மணிகரனிலும் வெந்நீர் ஊற்று உண்டு, குருத்வாராவில் அதிலேயே சோறு வேக வைப்பார்கள், ஆனால் அது வெகு தூரம். பெரியவர்களோடு ஒரு முழு நாளை வண்டியில் கழிக்க வேண்டாம். வசிஷ்ட் போதும்.

அரசலாறு:

நான் 34 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லோரும் நல்ல விஷயங்களைச் சொல்லிவிட்டீர்கள். நான் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கண்ணு, இதைக் கவனமாகப் படி.

மூடிய அறையில் கரியடுப்பு வைக்கக் கூடாது. குளிருக்கு அங்கீட்டி என்று கரித் தணலைச் சட்டியில் போட்டுத் தருவார்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் குடும்பம் குடும்பமாக இப்படி இறக்கிறார்கள். புகைக்குழாய் வெளியே போகிற இரும்பு அடுப்பை அந்த ஊரில் தந்தூர் என்பார்கள், அது சரி. இல்லாவிட்டால் மின்சார ஹீட்டர். ஹீட்டரைத் துணிக்குப் பக்கத்தில் வைக்காதே.

விரல் சிவந்து, வீங்கி, அரித்தால் அது குளிர்ப் புண். குளிர்ந்த காலைச் சட்டென்று நெருப்பில் காட்டுவதாலும் வெந்நீரில் முக்குவதாலும் அது அதிகமாகும். உலர்ந்த துணியால் மூடி, மெல்ல மெல்லத்தான் சூடாக வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் பாதத்தில் உணர்வு குறைவாக இருக்கும். தினம் இரவு நீயே அவர் காலைப் பார்.

சிஸ்ஸு 3,100 மீட்டர் இருக்கும். 2,500 மீட்டருக்கு மேலே போனாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சு வாங்கல் வரும். கீழே இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து. போய்ச் சேர்ந்த அன்றே மேலே ஏறாதே, இரண்டு நாள் கழித்துப் போ. கிளம்பும் முன் பெரியவர்கள் இருவரையும் மருத்துவரிடம் காட்டி, இரத்த அழுத்தம் பார்த்துக்கொள். வெந்நீர்க் குளத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எழும்போது மெதுவாக எழ வேண்டும், ஈரத் தலையோடு வெளியே வரக் கூடாது.

பனி வெயிலைக் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கும். ஆறு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கு, குழந்தைக்கும் சேர்த்து. உதடும் மூக்கும் வெடிக்கும். தேங்காய் எண்ணெயை எடுத்துப் போனால் புட்டிக்குள் கல்லாகிவிடும், வாஸ்லின் எடுத்துக்கொள்.

துலாக்கட்டம்:

மாயூரத்திலிருந்து எழுதுகிறேன். இரவு நேரத்தை யாரும் சொல்லவில்லை. மலையில் மழை மேகம் இல்லாத இரவில் நட்சத்திரம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். டிசம்பர் கடைசியில் கிழக்கே திருவாதிரை நன்றாக ஏறியிருக்கும், கொஞ்சம் செந்நிறமாகத் தெரியும். மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டுகிற பாட்டியே பேத்திக்கு அதைக் கைகாட்டிச் சொல்லட்டும்.

இன்னொன்று, பைசா செலவில்லாதது. இரவில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் இரண்டு பூவைப் போட்டு வெளியே வையுங்கள். வெப்பம் சுழியத்துக்குக் கீழே போனால், காலையில் பூ உள்ளே தெரிகிற பனிக்கட்டித் தட்டு கிடைக்கும்.

மணாலி முடியாதவர்களுக்காக: நான் ஒவ்வொரு மார்கழியும் கொடைக்கானல் போகிறேன். அங்கே 1899இல் அமைந்த சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது ஏன் வந்தது தெரியுமா? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் வந்த பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அந்தக் கேள்விதான் ஆய்வுக்கூடமாக மலை ஏறியது. நூறு வருடத்துக்கு மேலாக அங்கே சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். 1909இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். மழையை நம்பிப் பிழைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு முறை பார்க்க வேண்டிய இடம்.

கொரடாச்சேரி:

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களும் இங்கே படிப்பார்கள், அவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. தஞ்சையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். மார்கழியில் காலை பத்து மணி வரை மூடுபனி விலகாது. அறப்பளீஸ்வரர் கோயில், மிளகுக் கொடி ஏறிய மரங்கள், வாரச் சந்தை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்கி ஏற வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் கோயிலிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். குழந்தைக்கு வளைவில் வாந்தி வரும், முன் சீட்டில் வைத்து எலுமிச்சம்பழம் கொடுங்கள்.

மன்னைவாசி:

மணாலி என்று முடிவாகிவிட்டது, நல்லபடியாகப் போய் வாருங்கள். ஆனாலும் நீலகிரியை அடுத்த வருடக் கணக்கில் எழுதி வையுங்கள். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பைக்காரா ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்தத் தண்ணீர் மோயாறாக இறங்கி, பவானிசாகரில் தேங்கி, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. மேட்டூருக்குக் கீழே சேர்கிற தண்ணீர் அது. அப்புறம் கல்லணை, அப்புறம் நம் வெண்ணாறு. புல்வெளியும் சோலைக்காடும் மழையைப் பஞ்சு போலப் பிடித்து வைத்து மாதக்கணக்கில் கசிய விடுகின்றன. என் பையன் அங்கே ஒரு இலையைத் தண்ணீரில் விட்டு, "நம்ம ஊருக்குப் போ" என்றான். அணைகள் எத்தனை குறுக்கே இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி வைத்திருக்கிறோம். தஞ்சையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை, விமானத்தில் சண்டிகர், அங்கிருந்து காரில் நக்கர். ஐந்து இரவும் அங்கேயே, இடம் மாற்றுவதில்லை. முதல் இரண்டு நாள் ஊருக்குள் நடை, கோட்டை, தறி. மூன்றாம் நாள் வசிஷ்ட்டும் இடும்பி கோயிலும். நான்காம் நாள் சிஸ்ஸு. ஐந்தாம் நாளில் எதுவும் எழுதவில்லை, மாமா விருப்பம். அரசலாறு அம்மா, மாமாவுக்குச் சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார். மருத்துவரிடம் காட்டிவிட்டோம். வந்ததும் எழுதுகிறேன்.

(ஜனவரி)

குடமுருட்டிக்கரை:

வந்து ஒரு வாரம் ஆகிறது. அறுவடைப் பேச்சு தொடங்கிவிட்டதால் இன்றுதான் உட்கார முடிந்தது.

முதலில் பனி. நீங்கள் சொன்னது போல மணாலியில் ஒன்றும் இல்லை. சுரங்கத்தைத் தாண்டியதும் இரு பக்கமும் வெள்ளை. மகள் வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலேயே குனிந்து ஒரு பிடி எடுத்து, வாயில் போட்டு, "உப்பே இல்லை" என்றாள். அத்தை கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால்தான் தொட்டார். ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் இருந்தோம். மாமாவுக்கு லேசாகத் தலைவலி என்றதும் யாரும் மறுபேச்சு பேசாமல் வண்டியில் ஏறிவிட்டோம். கீழே வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. இறங்கும் வழியில் இரண்டு மணி நேரம் வண்டி நகரவில்லை. பிஸ்கட்டும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் இருந்ததால் சமாளித்தோம். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஸ்க் இல்லாமல் மேலே போகக் கூடாது.

வசிஷ்ட்டுக்கு விடியலில் போனோம். அத்தை குளத்தில் இறங்கி, கழுத்து வரை வெந்நீரில் நின்றுகொண்டு திருப்பாவை சொன்னார். பக்கத்தில் குளித்த அந்த ஊர்ப் பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் அத்தையின் முதுகில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டார். அத்தை அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று இன்றுவரை வருத்தப்படுகிறார். இந்தப் பயணத்தில் எனக்கு மறக்கவே முடியாதது அந்த அரை மணி நேரம்.

இடும்பி கோயிலில் நல்ல கூட்டம், வரிசையில் நின்றே குழந்தைகள் களைத்துவிட்டார்கள். தறிக்கூடம் நன்றாக இருந்தது. அத்தைக்கு ஒரு சால்வை எடுத்தோம்.

ஐந்தாம் நாளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நக்கரில் எங்கள் விடுதிக்குப் பின்னால் ஆப்பிள் தோட்டம். ஒரு இலைகூட இல்லாமல் நின்றன மரங்கள். முதல் நாள் மாமா பார்த்துவிட்டு, "பட்டுப்போச்சே, பாவம்" என்றார். ஐந்தாம் நாள் காலையில் தோட்டக்காரர் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார். வண்டி ஓட்டிய தம்பிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், என் கணவருக்கும் தெரியும். அப்படி மூன்று கை மாறிப் பேச்சு நடந்தது. மரம் பட்டுப்போகவில்லையாம், தூங்குகிறதாம். பழைய ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் மொட்டு ஒழுங்காக விடும். குளிர் குறைந்த வருடம் பூ முன்னும் பின்னுமாக வந்து காய் பிடிக்காது. பனி விழவில்லையே என்று அந்த மனிதர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமா இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது, வெட்டிய இடத்தில் என்ன பூசுவது, மரத்தைச் சுற்றிப் பாத்தி எடுத்து எப்போது எரு போடுவது, எல்லாம் கேட்டார். அந்த மனிதர் கத்திரியை மாமா கையில் கொடுத்து ஒரு கிளையை வெட்டச் சொன்னார். பிறகு வீட்டுக்குள் அழைத்துப் போய், தந்தூர் அடுப்பைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, சித்து என்ற பலகாரம் கொடுத்தார்கள். புளித்த கோதுமை மாவுக்குள் அக்ரூட் பருப்பும் கசகசாவும் வைத்து ஆவியில் வேக வைத்தது, மேலே நெய். குழந்தைகள் கொழுக்கட்டை என்றே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு சிவப்பு நெல் போட்ட படிக்கட்டு வயல்கள் பலவும் இப்போது ஆப்பிளாகிவிட்டதைக் கேட்டு மாமா வெகு நேரம் பேசவில்லை.

துலாக்கட்டம் ஐயா, பூவைப் போட்ட தட்டு முதல் இரவு உறையவில்லை. மூன்றாம் இரவு உறைந்தது. மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினாள். திருவாதிரையையும் பார்த்தோம்.

ஒரே ஒரு குறை. வாடகைக் கடை ஒன்றில் மகனுக்கு ஒரு அளவு சிறிய காலணியைக் கொடுத்துவிட்டார்கள், அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. மறுநாள் கால் விரல் இரண்டு சிவந்து அரித்தது. அரசலாறு அம்மா சொன்னபடி நெருப்பில் காட்டாமல் கம்பளிக் காலுறை போட்டே வைத்திருந்தேன். ஊருக்கு வருவதற்குள் ஆறிவிட்டது. காலணிக்குள் விரலை அசைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அரசலாறு:

நல்லது கண்ணு. விரலில் தோல் உரிந்தால் மட்டும் காட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு. மாமா எப்படி இருக்கிறார்?

குடமுருட்டிக்கரை:

நன்றாக இருக்கிறார் அம்மா. வந்த அன்று பையைக்கூட இறக்காமல் வயலுக்குப் போய்விட்டார். கதிர் தலை சாய்ந்துவிட்டது, பொங்கலுக்குப் பிறகு அறுப்பு. கொல்லையில் இருக்கும் எலுமிச்சையைக் கவாத்து செய்ய வேண்டும் என்று கத்திரிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

எங்களிடம் ஆறு கம்பளிக் குல்லாய், ஆறு ஜோடி கையுறை, நான்கு கறுப்புக் கண்ணாடி, ஐந்து வயதுக் குழந்தைக்கான தெர்மல் இரண்டு செட் இருக்கின்றன. துவைத்துக் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தை, மாசியில் மலைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள். கும்பகோணம் வரை கொண்டுவந்து கொடுக்கிறேன்.

நாகைக்காற்று:

குழந்தை தெர்மல் எனக்கு வேண்டும் சகோதரி. தங்கை மகளுக்கு. மாசி மகத்துக்குக் கும்பகோணம் வருகிறேன், அன்று வாங்கிக்கொள்கிறேன்.